குடும்ப நலக் கணக்கெடுப்புத் தரவில் ரத்தசோகையை மாடல் செய்வது: கேள்வியிலிருந்து அட்டவணை வரை

இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. 2015-16இல் நடந்த நான்காவது சுற்றில் இது 53.1 சதவீதம். இதே இடைவெளியில் தமிழ்நாட்டின் அளவு 55.0இலிருந்து 53.4ஆக இறங்கியது. மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் இந்தக் கணக்கெடுப்பு, ஐந்தாவது சுற்றில் மட்டும் 7,24,115 பெண்களிடம் பேட்டி கண்டது. பொதுச் சுகாதாரம், சமூகவியல், மக்கள்தொகையியல், சமூகப் பணி என எந்தத் துறை மாணவரும் இலவசமாகப் பெறக்கூடிய பெரிய தரவுகளில் இது ஒன்று.

கோப்பைத் திறந்து லாஜிஸ்டிக் ரிக்ரெஷனை (ஆம்/இல்லை விளைவுக்கும் மற்ற தகவல்களுக்கும் உள்ள தொடர்பை அளக்கும் மாடல்) ஓட்ட ஒரு மணி நேரம் போதும். ஆனால் வரும் விடை சரியா தவறா என்பது, அந்தக் கட்டளையைத் தட்டுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடும். அதனால் முன்வேலைகளுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம்: தமிழ்நாட்டுப் பெண்களில், பள்ளிப் படிப்பு கூடினால் ரத்தசோகை குறைகிறதா? குறைந்தால், எவ்வளவு?

படி 1: கேள்வி எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கேள்விகள் மூன்று வகை. "படிக்காத பெண்களில் எத்தனை சதவீதம் பேருக்கு ரத்தசோகை?" என்பது விவரிப்பு. இதற்கு எடை சேர்த்த (படி 5) சதவீதமும் நம்பிக்கை இடைவெளியும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) போதும், மாடலே வேண்டாம். "இந்தப் பெண்ணுக்கு ரத்தசோகை இருக்குமா என்று ரத்தம் எடுக்காமலே கணிக்க முடியுமா?" என்பது கணிப்பு. கணிப்புக்கு உதவும் எந்த மாறியையும் (வயது, படிப்பு போல ஆளுக்கு ஆள் மாறும் தகவல்) சேர்க்கலாம், காரணமா விளைவா என்ற கவலை இல்லை. "படிப்பு கூடினால் ரத்தசோகை குறையுமா?" என்பது காரணக் கேள்வி. இதில் எந்த மாறியைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கும்.

முதுநிலை ஆய்வேடுகளில் பரவலாகப் பார்க்கும் குழப்பம், தலைப்பில் "தொடர்புடைய காரணிகள்" என்று போட்டுவிட்டு, கணிப்புக்கான முறையில் மாறிகளைப் பொறுக்கி, முடிவுரையில் காரணத்தைப் பற்றிப் பேசுவது. எது உங்கள் கேள்வி என்று ஒரே வாக்கியத்தில் எழுதி மேசை மேல் ஒட்டி வையுங்கள். அந்த வாக்கியத்தில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: யார், எதோடு எதை ஒப்பிடுகிறோம், விளைவு என்ன, எந்த அளவையில் சொல்லப்போகிறோம்.

நம் கேள்வி இப்படி வரும்: "தமிழ்நாட்டில் வசிக்கும் 25 முதல் 49 வயது வரையிலான, கர்ப்பமாக இல்லாத பெண்களில், பள்ளிக்கே போகாதவர்களோடு ஒப்பிட்டால் பத்து வருடமும் அதற்கு மேலும் படித்தவர்களின் ரத்தசோகைப் பரவல் எத்தனை மடங்கு?"

25 வயதில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 16 வயதுப் பெண் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருப்பார். அவரைக் "குறைவாகப் படித்தவர்" பட்டியலில் போட்டால் வயதும் படிப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மேலும், தமிழ்நாட்டில் பள்ளிக்கே போகாத இளம்பெண்கள் மிகக் குறைவு. அந்த வயதில் ஒப்பிட ஆளே இல்லாதபோது மாடல் தன் கோட்டை நீட்டி ஒரு எண்ணைத் தந்துவிடும். அந்த எண்ணுக்குத் தரவில் ஆதாரம் இருக்காது. கர்ப்பிணிகளைத் தனியே விடுவது, அவர்களுக்கான வரையறையே வேறு என்பதால்: ரத்தத்தில் ஹீமோகுளோபின் கர்ப்பமில்லாதவருக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழ்.

படி 2: காரணப் படத்தைக் காகிதத்தில் வரையுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. இடப்பக்கம் "படிப்பு", வலப்பக்கம் "ரத்தசோகை". நடுவில் ஒவ்வொரு மாறியாக எடுத்து, எது எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் கேட்க வேண்டியது: இது படிப்புக்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா?

சாதியும் பிறந்த வருடமும் படிப்புக்கு முன்பே இருப்பவை, படிப்பையும் உடல்நலத்தையும் இரண்டையும் பாதிப்பவை. இவை குழப்பக் காரணிகள், மாடலில் இருந்தாக வேண்டும். பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை அப்படி அல்ல. அதிகம் படித்தவர் தாமதமாக மணம் முடிக்கிறார், குறைவாகப் பிள்ளை பெறுகிறார், அதனால் இரும்புச்சத்து இழப்பும் குறைகிறது. படிப்பின் பலன் வந்து சேரும் வழிகளில் இதுவும் ஒன்று. இதை மாடலில் சேர்த்தால் அந்த வழியை நாமே அடைத்துவிட்டு, "படிப்பால் பெரிய பலன் இல்லை" என்று எழுதுவோம். உடல் நிறை குறியீட்டெண்ணும் உணவுப் பழக்கமும் இதே ரகம்.

உணவுப் பழக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீரை, பருப்பு, முட்டை, மீன் போன்றவற்றைத் தினமும் உண்கிறாரா, வாரம் ஒருமுறையா, எப்போதாவதா, இல்லவே இல்லையா என்று கணக்கெடுப்பு கேட்கிறது. ரத்தமும் அதே சந்திப்பில்தான் எடுக்கப்படுகிறது. "உடம்பில் ரத்தம் இல்லை" என்று நர்சம்மா சொன்னதால் முருங்கைக்கீரை சாப்பிடத் தொடங்கியவரும் அந்தப் பட்டியலில் இருப்பார். கீரை சாப்பிடுவோருக்கு ரத்தசோகை கூடுதல் என்று ஒரு மாடல் காட்டினால், அம்பு தலைகீழாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மிகவும் யோசிக்க வைப்பது வீட்டுச் செல்வக் குறியீடு. பெற்றோர் வீட்டு வசதி படிப்புக்கு முந்தியது, உண்மையான குழப்பக் காரணி. ஆனால் கணக்கெடுப்பு அளந்திருப்பது இப்போது வாழும் வீட்டை. மணமான பெண்ணுக்கு அது பெரும்பாலும் கணவர் வீடு. அந்த வீட்டு வசதியே ஓரளவு அவருடைய படிப்பின் விளைவு. இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. செல்வக் குறியீடு இல்லாமல் ஒரு மாடல், இருந்து ஒரு மாடல், இரண்டையும் ஓட்டி, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை என்று எழுதுவதே நேர்மையான வழி.

மூன்றாவது ரகம், படிப்பாலும் நோயாலும் சேர்ந்து உண்டாகும் மாறி. "கடந்த மூன்று மாதத்தில் சுகாதார நிலையத்துக்குப் போனவர்கள்" என்று மட்டும் வடிகட்டினீர்கள் என்றால், படித்தவரும் போவார், சோர்வு தாங்காதவரும் போவார். அந்தக் கூட்டத்துக்குள் படிப்புக்கும் ரத்தசோகைக்கும் இல்லாத ஓர் உறவு முளைக்கும். மருத்துவமனைப் பதிவேட்டை வைத்து ஆய்வு செய்பவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

படம் முடிந்ததும் ஒன்று தெளிவாகும்: மாறிகளைத் தேர்ந்தெடுப்பது பி மதிப்பின் (தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) வேலை அல்ல. தனித்தனியே ஓட்டிப் பார்த்து 0.2க்குக் கீழ் வந்ததை மட்டும் சேர்ப்பது, கணினியையே ஒவ்வொன்றாகக் கழிக்க விடுவது, இரண்டையும் காரணக் கேள்விக்குப் பயன்படுத்தாதீர்கள். முக்கியமான குழப்பக் காரணி வெளியே போகும், விளைவு உள்ளே வரும், மிஞ்சியவற்றின் நம்பிக்கை இடைவெளி உண்மையைவிடக் குறுகலாகத் தெரியும்.

படி 3: கோப்பும் ஆவணமும்

பல நாடுகளில் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளுக்கு உதவும் டிஎச்எஸ் திட்டத்தின் வடிவத்தில் இந்தத் தரவு கிடைக்கிறது. ஆய்வு நோக்கத்தை எழுதிப் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். வீடு, வீட்டு உறுப்பினர், பெண், ஆண், குழந்தை, பிறப்பு எனத் தனித்தனிக் கோப்புகள் உண்டு. நமக்கு வேண்டியது பெண்கள் கோப்பு. தமிழ்நாட்டில் பேட்டி கண்ட பெண்கள் 25,650 பேர்.

கோப்போடு கேள்வித்தாளையும் மாறி விளக்கக் கையேட்டையும் இறக்கி, நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு மாறிக்கும் அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது என்று பாருங்கள். சில கேள்விகள் மணமானவரிடம் மட்டும், சில கேள்விகள் ஒரு பகுதி வீடுகளில் மட்டும் கேட்கப்பட்டவை. கேட்கப்படாததால் வெற்றாக இருப்பதும், கேட்டும் பதில் வராததால் வெற்றாக இருப்பதும் ஒன்றல்ல.

படி 4: தரவைச் சுத்தம் செய்தல்

இங்கே நடக்கும் பிழைகள் எந்த எச்சரிக்கையும் தராது. இரண்டை மட்டும் நெருக்கமாகப் பார்ப்போம்.

ஹீமோகுளோபின் அளவு வி456 என்ற மாறியில் இருக்கிறது. கடல்மட்ட உயரத்துக்கும் புகைப்பழக்கத்துக்கும் திருத்திய அளவு அது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வாழ்வோருக்கு உயரத் திருத்தம் அவசியம். எண் புள்ளி இல்லாமல் பதிவாகியிருக்கும்: 112 என்றால் 11.2. அதே பத்தியில் (நெடுவரிசையில்) 994, 995, 996 போன்ற குறியீடுகளும் கிடக்கும். வீட்டில் இல்லை, மறுத்துவிட்டார், வேறு காரணம் என்பவை அவை. நூறு பெண்களில் மூன்று பேர் 995, மீதி 97 பேரின் சராசரி 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டை நீக்க மறந்தால் சராசரி 141க்கு மேல் போய்விடும். ஒரு மாநிலமே ஆரோக்கியமாகிவிட்டது போலத் தெரியும். முதல் வேலையாக ஒவ்வொரு தொடர் மாறிக்கும் மிகக் குறைந்த, மிக அதிக மதிப்பைப் பாருங்கள்.

அடுத்தது வி457. ரத்தசோகையின் நிலை இது: 1 தீவிரம், 2 மிதம், 3 லேசானது, 4 இல்லை. ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் வெற்று மதிப்பு எல்லா எண்ணைவிடவும் பெரியதாகக் கருதப்படும். "4 அல்லது அதற்கு மேல் என்றால் ரத்தசோகை இல்லை" என்று கட்டளை எழுதினால், ரத்தமே எடுக்காத பெண்கள் அத்தனை பேரும் ஆரோக்கியமானவர்களாகிவிடுவார்கள். "4க்குச் சமம்" என்று எழுதி, வெற்றை வெற்றாகவே விடுங்கள். புதிய மாறி உருவாக்கியதும் பழையதோடு குறுக்கு அட்டவணை போட்டு, வெற்றையும் சேர்த்துக் காட்டச் சொல்லிச் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வயதுப் பத்தியை ஒரு வருட இடைவெளியில் வரைபடமாக்குங்கள். 30, 35, 40, 45 ஆகியவற்றில் தூண்கள் உயர்ந்து நிற்கும். வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வதால் வருவது அது. நீங்கள் போடும் வயதுக் கூறுகள் அந்தத் தூண்களை இரண்டாகப் பிளக்காமல் இருக்கட்டும்.

செல்வக் குறியீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பொருட்களையும் வீட்டின் தன்மையையும் முதன்மைக்கூறு முறையில் (பல மாறிகளை ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்கும் முறை) சேர்த்துச் செய்தது அது. அதை மாடலில் வைத்துவிட்டு, கூடவே தொலைக்காட்சி, கழிப்பறை, சமையல் எரிவாயு என்று தனித்தனியாகவும் வைத்தால் ஒன்றையே இருமுறை எண்ணுகிறீர்கள். அதன் ஐந்து படிநிலைகளும் தேசிய அளவில் பிரிக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் அடிமட்டப் படிநிலையில் விழுபவர் சொற்பம். அந்தக் கட்டத்தை ஒப்பீட்டு அடிப்படையாக வைத்தால் எல்லா இடைவெளிகளும் விரிந்துபோகும்.

படி 5: எடை, கொத்து, அடுக்கு

இந்தத் தரவு எளிய சமவாய்ப்பு மாதிரி அல்ல. மாவட்டங்களை ஊரகம், நகரம் என்று பிரித்து (இவை அடுக்குகள்), 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து ஊரகத்தில் கிராமங்களையும் நகரத்தில் கணக்கெடுப்புத் தொகுதிகளையும் எடுத்து (இவை கொத்துகள்), ஒவ்வொன்றிலும் 22 வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இதிலிருந்து மூன்று கடமைகள் வருகின்றன.

எடை: சிறிய மாவட்டங்களிலிருந்து அவற்றின் மக்கள்தொகைக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் பெண்கள் வந்திருப்பார்கள். வி005 மாறியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் எடை கிடைக்கும்.

கொத்து: ஒரே கிராமத்துப் பெண்கள் ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒரே ரேஷன் கடையில் வாங்குகிறார்கள், ஒரே துணை சுகாதார நிலையத்துக்குப் போகிறார்கள். இருபது பேரிடம் கேட்டாலும் இருபது தனித்தனித் தகவல் கிடைப்பதில்லை. இழப்பை இப்படிக் கணக்கிடலாம்: கொத்துக்குச் சராசரியாக 20 பெண்கள், கொத்துக்குள் ஒற்றுமை (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.05 என்றால், வடிவமைப்பு விளைவு 1 + (20 − 1) × 0.05 = 1.95. அதாவது ஆயிரம் பெண்களின் தரவு, சுமார் 513 பேரைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டதற்குத்தான் சமம். கொத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு) உண்மையான அளவில் ஏறக்குறைய 72 சதவீதமாகவே காட்டும், இல்லாத தொடர்பெல்லாம் "குறிப்பிடத்தக்கது" என்று வந்து நிற்கும்.

அடுக்கு: இதை மென்பொருளிடம் சொல்வது பெரும்பாலும் திட்டப்பிழையைக் கொஞ்சம் குறைக்கும். வி022, வி023 இரண்டில் எதைப் பயன்படுத்துவது என்று அந்தந்தச் சுற்றின் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டுக்கு, ஒரு சுற்றுக்குச் சொன்னது இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று எண்ணவேண்டாம்.

இந்த மூன்றையும் சொல்ல ஸ்டேட்டாவில் எஸ்விஒய்செட் கட்டளை, ஆர் என்ற மென்பொருளில் தாமஸ் லம்லியின் சர்வே தொகுப்பு. கொத்துக்கு வி021, எடைக்கு நீங்கள் வகுத்த மாறி. ஓர் அடுக்கில் ஒரே கொத்து மட்டும் மிஞ்சினால் திட்டப்பிழை வராமல் புள்ளிகள் மட்டும் வரும். அதற்கென உள்ள விருப்பத்தேர்வை அமையுங்கள், கொத்தையே தூக்கி எறிய வேண்டாம். துணைக்குழுவை எடுக்கும்போது மற்ற வரிசைகளை அழித்துவிட்டு ஓட்டாதீர்கள். வடிவமைப்பை முழுத் தரவில் அறிவித்துவிட்டு, அதற்குப் பிறகு 25-49 வயதுப் பெண்களைத் துணைக்குழுவாகச் சொல்லுங்கள். முன்பே அழித்தால் சில கொத்துகள் மொத்தமாகக் காணாமல் போய், திட்டப்பிழை தவறும்.

இப்போது ஒரு சோதனை, இதைத் தாண்டாமல் மேலே போகாதீர்கள். 15-49 வயதுப் பெண்கள் அனைவருக்கும் எடை சேர்த்து ரத்தசோகைச் சதவீதம் எடுங்கள். வெளியான அறிக்கையின் 53.4 வருகிறதா? வரவில்லை என்றால் எடையிலோ குறியீட்டிலோ கர்ப்பிணிகளைக் கையாண்டதிலோ பிழை இருக்கிறது. கண்டுபிடித்த பிறகே அடுத்த படி.

படி 6: விளைவின் தன்மைக்கேற்ற மாடல்

ஹீமோகுளோபினை அப்படியே வைத்தால் நேரியல் ரிக்ரெஷன். ஆம், இல்லை என்று வைத்தால் லாஜிஸ்டிக், அல்லது கீழே சொல்லப்போகும் பாய்சான். நான்கு நிலைகளையும் வைத்தால் வரிசை லாஜிஸ்டிக். குழந்தைகளின் எண்ணிக்கை போன்றவற்றுக்குப் பாய்சான், மாறுபாடு சராசரியைவிட மிகுந்தால் நெகடிவ் பைனாமியல். முதல் பிரசவம் வரையிலான காலம் போன்றவற்றுக்கு காக்ஸ்.

12 என்ற கோட்டில் வெட்டும்போது 11.9 உள்ளவரும் 7 உள்ளவரும் ஒன்றாகிறார்கள், 11.9 உள்ளவரும் 12.0 உள்ளவரும் எதிரெதிர் ஆகிறார்கள். தகவல் வீணாகிறது. கொள்கைப் பேச்சுக்குச் சதவீதம் வேண்டும் என்பதால் வெட்டுவோம், சரி. கூடவே ஹீமோகுளோபினை வைத்து ஒரு நேரியல் மாடலையும் ஓட்டுங்கள். இரண்டும் வேறு வேறு திசையில் போனால் காரணம் தேட வேண்டும்.

அடுத்தது லாஜிஸ்டிக் மாடல் தரும் ஆட்ஸ் விகிதம் (ஆட்ஸ் என்பது நோய் உள்ளோரை இல்லாதோரால் வகுப்பது). இது அதிகம் தவறாகப் படிக்கப்படும் எண். ஒரு குழுவில் 60 சதவீதம், இன்னொன்றில் 50 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வையுங்கள். பரவல் விகிதம் 60 ÷ 50 = 1.2. ஆட்ஸ் விகிதமோ (60 ÷ 40) ÷ (50 ÷ 50) = 1.5. "ரத்தசோகை வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல்" என்று நாளிதழில் வரும், உண்மையில் கூடுதல் 20 சதவீதம். நோய் அரிதாக இருந்தால் இரண்டும் நெருங்கி நிற்கும். பாதிப் பேருக்கு இருக்கும் ரத்தசோகையில் ஒருபோதும் நெருங்காது.

அதனால் இந்தக் கேள்விக்கு எங்கள் பரிந்துரை, ஆம்/இல்லை விளைவுக்குப் பாய்சான் ரிக்ரெஷனை உறுதியான (மாடலின் அனுமானம் பிசகினாலும் நிலைக்கும்) திட்டப்பிழையோடு ஓட்டுவது. சர்வே கட்டளைக்குள் ஓட்டினால் அந்தத் திட்டப்பிழை தானாகவே வரும். ஆரில் குவாசிபாய்சான் என்று கொடுங்கள். நேரடியாகப் பரவல் விகிதம் கிடைக்கும். லாக் பைனாமியல் மாடலும் அதையே தரும், ஆனால் பரவல் அதிகமுள்ள தரவில் அது அடிக்கடி முடிவுக்கு வராமல் நின்றுவிடும். லாஜிஸ்டிக்கையே விரும்புகிறவர்கள், ஓட்டிய பிறகு எல்லோரும் படிக்காதவர்களாக இருந்தால் சராசரிக் கணிப்பு எவ்வளவு, எல்லோரும் பத்து வருடம் படித்தவர்களாக இருந்தால் எவ்வளவு என்று எடுத்து, அந்த இரண்டு சதவீதங்களின் வித்தியாசத்தைச் சொல்லலாம். மாவட்ட அதிகாரிக்கு இதைவிடப் புரியும் எண் வேறு கிடையாது.

படி 7: மாறிகளை எந்த வடிவில் வைப்பது

படிப்பை வருடக் கணக்கில் ஒரே கோடாக வைத்தால், ஒன்றாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஒவ்வொரு வருடப் பலனும் சமம் என்று சொல்கிறீர்கள். 0, 1-5, 6-9, 10-12, அதற்கு மேல் என்று பிரித்துப் பாருங்கள். வயது குழப்பக் காரணி மட்டுமே என்பதால் அதை முடிந்த அளவு நெகிழ்வாக வையுங்கள்: நான்கு முடிச்சுள்ள ஸ்ப்லைன் (தரவுக்கேற்ப வளையும் கோடு) போதும். "20-29, 30-39" என்று கரடுமுரடாகப் பிரித்தால் அந்தக் கூறுக்குள் வயதின் குழப்பம் மிஞ்சி நிற்கும்.

தமிழ்நாட்டுக் களப்பணி 2020 மார்ச் ஊரடங்குக்கு முன் ஒரு பகுதியும், பல மாத இடைவெளிக்குப் பிறகு ஒரு பகுதியுமாக நடந்தது. பேட்டி நடந்த காலத்தை முன், பின் என்று ஒரு மாறியாக்கிச் சேருங்கள். எந்த மாவட்டம் எப்போது முடிந்தது என்பதும் படிப்பு நிலையும் தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாம்.

"நகரத்தில் பலன் தெரிகிறது, கிராமத்தில் தெரியவில்லை" என்று எழுத விரும்பினால், இரண்டு குழுக்களில் தனித்தனியே ஓட்டி ஒன்றில் பி மதிப்பு 0.03, மற்றதில் 0.09 என்பதைக் காட்டுவது சான்று ஆகாது. படிப்பையும் வசிப்பிடத்தையும் பெருக்கிய இடைவினை உறுப்பை (ஒன்றின் பலன் மற்றதைப் பொறுத்து மாறுகிறதா என்று காட்டுவது) சேர்த்து அதைச் சோதியுங்கள். பெருக்கல் அளவையில் இல்லாத இடைவினை சதவீத வித்தியாச அளவையில் இருக்கலாம், அதனால் இரண்டிலும் சொல்லுங்கள்.

படி 8: பல நிலை மாடல் எப்போது

கொத்தை இரண்டு விதமாகக் கையாளலாம். அது திட்டப்பிழைக்கான தொந்தரவு மட்டும் என்றால் சர்வே முறை போதும், நம் கேள்விக்கு அதுவே சரி. "கிராமத்துக்குக் கிராமம் ஏன் இவ்வளவு வேறுபாடு?" என்பதே உங்கள் கேள்வி என்றால்தான் பல நிலை மாடல் (பெண், கொத்து என்ற இரு நிலை வேறுபாடுகளையும் தனித்தனியே அளப்பது).

அதில் கொத்துகளுக்கு இடையிலான மாறுபாடு 0.35 என்று வந்தால் அதை எப்படிப் படிப்பது? லாஜிஸ்டிக் மாடலில் தனிநபர் நிலை மாறுபாடு 3.29 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 0.35 ÷ (0.35 + 3.29) = 0.096. மொத்த வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு ஊரைச் சார்ந்தது. இதையே நடு ஆட்ஸ் விகிதமாக மாற்றினால் 1.76 வரும். ஒரே மாதிரியான இரண்டு பெண்களை இரண்டு வெவ்வேறு கொத்துகளில் வைத்து, ஆட்ஸ் கூடிய கொத்தைக் குறைந்ததோடு ஒப்பிட்டால் கிடைக்கும் விகிதங்களின் நடு மதிப்பு இது. படிப்பின் ஆட்ஸ் விகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதியான எண்.

எடை இங்கே சிக்கல் தரும். பல நிலை மாடலுக்குக் கொத்தின் எடையும் பெண்ணின் எடையும் தனித்தனியாக வேண்டும், கோப்பில் இருப்பதோ இரண்டும் கலந்த ஒன்று. அதை அப்படியே கீழ்நிலையில் போட்டால் கொத்து மாறுபாடு பிழைபடும். எடையைக் கொத்துக்குள் சரியளவுக்குச் சுருக்கி ஒருமுறை, எடையே இல்லாமல் ஒருமுறை ஓட்டி ஒப்பிடுவது குறைந்தபட்சக் கடமை.

படி 9: விடுபட்ட தகவல்

ரத்தம் எடுக்க மறுத்தவர்களின் படிப்பு, வசிப்பிடம், செல்வநிலை ஆகியவற்றை, எடுக்கச் சம்மதித்தவர்களோடு ஒப்பிட்டு முதலில் ஓர் அட்டவணை போடுங்கள். விடுபடல் மாடலில் உள்ள மாறிகளைப் பொறுத்தது, விளைவைப் பொறுத்தது அல்ல என்றால், முழுமையான வரிசைகளை மட்டும் வைத்து ஓட்டினாலே கெட்டுப்போகாது. குழப்பக் காரணிகள் பலவற்றில் ஓட்டை இருந்தால் பன்முறை இட்டுநிரப்பல் (வெற்றிடங்களைக் கணித்த மதிப்புகளால் பல தடவை நிரப்பி, முடிவுகளைச் சேர்ப்பது). நூற்றுக்கு எத்தனை விடுபட்டதோ குறைந்தது அத்தனை தடவை நிரப்புங்கள். நிரப்பும் மாடலில் விளைவு மாறியும், கொத்தும், எடையும் இருக்க வேண்டும். விளைவை விட்டுவிட்டு நிரப்பினால் எல்லா உறவும் சுழியத்தை நோக்கி இழுபடும். "தெரியவில்லை" என்று தனிப் பிரிவு உண்டாக்கிச் சேர்ப்பது எளிதாகத் தெரியும், ஆனால் குழப்பக் காரணியைச் சரிப்படுத்தாமல் விட்டதற்கே அது சமம்.

படி 10: விடையை உலுக்கிப் பாருங்கள்

முதலில் அளவீடு. கணக்கெடுப்பில் ரத்தம் விரல் நுனியில் குத்தி எடுக்கப்பட்டது. விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். சிரையிலிருந்து எடுத்துத் தானியங்கிக் கருவியில் பார்ப்பதையே உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. பிழை எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில் இருந்தால் சதவீதம் பாதிக்கப்படும், குழுக்களுக்கிடையிலான ஒப்பீடு பெரும்பாலும் மங்கலாகும். அதனால் வெட்டும் கோட்டை 11.5, 12.0, 12.5 என்று மாற்றி ஓட்டி, படிப்பின் பலன் நிலைக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, அளக்கப்படாத குழப்பக் காரணி. விளக்கத்துக்காக, பரவல் விகிதம் 0.88, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.81 முதல் 0.95 வரை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். வாண்டர்வீலும் டிங்கும் 2017இல் முன்வைத்த ஈ மதிப்பை இதற்குக் கணக்கிட்டால் 1.53, இடைவெளியின் ஓரத்துக்கு 1.29. பெற்றோர் வீட்டு வசதி போன்ற ஒன்று, படிப்போடும் ரத்தசோகையோடும் தலா 1.53 மடங்கு தொடர்பு வைத்திருந்தால் இந்தப் பலன் முழுவதையும் அது ஒன்றே விளக்கிவிட முடியும். சமூக ஆய்வில் 1.53 எட்டாத உயரம் இல்லை. அதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

மாறிகளுக்குள் மிகுந்த ஒற்றுமை இருக்கிறதா என்பதற்கு விஐஎஃப் பாருங்கள், ஆனால் பெரிய எண் வந்தது என்பதற்காகக் குழப்பக் காரணியைத் தூக்காதீர்கள்.

படி 11: அட்டவணையும் எழுத்தும்

குறுக்குவெட்டு ஆய்வுகளுக்கு எதையெல்லாம் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்று காட்டும் ஸ்ட்ரோப் பட்டியல் இருக்கிறது, 22 அம்சங்கள். எழுதி முடித்தபின் நிரப்புவதைவிட, எழுதத் தொடங்கும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பெண்களிலிருந்து தொடங்கி எந்தெந்தக் காரணத்தால் எத்தனை பேர் கழிந்தார்கள் என்பதை ஓட்டப்படமாகக் கொடுங்கள்.

மாடலில் இருக்கும் எல்லா மாறிகளின் விகிதத்தையும் ஒரே அட்டவணையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் காரணமாக விவாதிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். நம் மாடல் படிப்புக்காகக் கட்டப்பட்டது. அதில் சாதிக்கு எதிரே வரும் எண் சாதியின் முழு விளைவு அல்ல. படிப்பு வழியாக வரும் பங்கு ஏற்கெனவே கழிந்துவிட்டது. முதன்மை அட்டவணையில் படிப்புக்கான விகிதங்கள் மட்டும் இருக்கட்டும், சரிப்படுத்தாதது, சரிப்படுத்தியது, செல்வக் குறியீடும் சேர்த்தது என்று மூன்று பத்திகளில். மற்றவை பின்னிணைப்புக்கு.

பி மதிப்பை "0.05க்குக் கீழ்" என்று சுருக்காமல் உள்ளபடி கொடுங்கள், இடைவெளியை முன்னால் வையுங்கள். தொடர்பே இல்லாத இருபது தனித்தனிச் சோதனைகள் செய்தால், ஒன்றாவது 0.05க்குக் கீழ் வரும் வாய்ப்பு 64 சதவீதம். அதனால் எத்தனை சோதனை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

முடிவு வாக்கியம் இப்படி இருக்கலாம்: "வயது, சாதி, வசிப்பிடம், பேட்டிக் காலம் ஆகியவற்றைச் சரிப்படுத்திய பிறகு, பத்து வருடமும் மேலும் படித்த பெண்களின் ரத்தசோகைப் பரவல், பள்ளிக்குப் போகாதவர்களுடையதில் 0.88 மடங்காக இருந்தது (95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.81–0.95)." ஒரே நேரத்தில் அளந்த தரவு என்பதால் "குறைத்தது" என்று எழுதாமல் "இருந்தது" என்று நிறுத்துங்கள். காரணத்தைப் பற்றிய உங்கள் கருத்து விவாதப் பகுதிக்கு, படி 2இல் வரைந்த படத்தோடு போகட்டும். அந்தப் படத்தையும், கோப்பைத் திறந்ததிலிருந்து கடைசி அட்டவணை வரையிலான கட்டளைக் கோப்பையும் இணைப்பாகக் கொடுங்கள். மூலத் தரவை மட்டும் இணைக்காதீர்கள், அனுமதி வாங்கும்போது அதை வேறு யாரிடமும் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.